கடல் பக்கத்துச் சில்லுகள்

ஒரு பழைய எஞ்சினைக் கையில் எடுத்தால் முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது. கவிழ்த்து வயிற்றைப் பார்க்க வேண்டும். முகத்துக்கு எல்லாரும் பெயின்ட் பூசுவார்கள், வயிற்றுக்கு ஒருவரும் பூசுவதில்லை. ஹமீது நானாவின் கடையில் நான் சேர்ந்த அன்று அவர் சொல்லித் தந்த முதல் பாடம் அது.

எஞ்சின் என்றவுடன் கோட்டை ஸ்டேஷனில் நிற்கிற பெரிய எஞ்சினை நினைக்க வேண்டாம். இது மேசையில் ஓடும் விளையாட்டு ரயிலின், நாங்கள் சொல்லும் கோச்சியின் எஞ்சின். சாவி முறுக்கி ஓடுவதும் உண்டு, கரண்டில் ஓடுவதும் உண்டு. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்து, துரைமாரோடும் கப்பல்காரரோடும் கொழும்புக்கு வந்து, அவர்கள் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவை. அவற்றைத் திருத்தும் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தேத்தண்ணிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இன்றும் இருக்கிறது. மணிக்கூடும் திருத்துவோம், ஆனால் பெயர் கோச்சிக்குத்தான்.

என் வேலை திருத்துவது இல்லை. திருத்துவதற்கு முன்னால் எஞ்சினைக் கழற்றி, எந்தச் சாமான் தொழிற்சாலையில் அதனோடு சேர்ந்து வந்தது, எது பிறகு யாரோ மாற்றிப் போட்டது என்று பிரித்து வைப்பது. பழைய கோச்சி சேர்க்கிறவர்களுக்கு அதுதான் உயிர். ஓடுகிறதா என்று கூடப் பிறகுதான் கேட்பார்கள்.

இப்போது கடையை நடத்துவது நானாவின் மகள் நஸ்ரீன். கண் மங்கி நான் வேலையை விட்ட பிறகு அவள் ஒரு கமரா வாங்கினாள். அதன் கீழே ஒரு சில்லை, எஞ்சினின் சக்கரத்தை, வைத்தால் திரையில் மாட்டு வண்டிச் சில்லுப் போலத் தெரிகிறது. போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்துவிட்டு, "நல்லது புள்ள. ஆனா எந்தப் பக்கத்தை வைக்கிறது எண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. "அந்தக் கடற்கரை வீட்டு எஞ்சின் கதைய எழுதித் தாங்க மாமி. கோச்சி சேக்குற ஆக்கள்ட புத்தகத்துல போடுறோம்" என்றாள்.

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கதைக்கவும் வராது, அதை எல்லாரும் அறிவார்கள். இருந்தாலும் இந்தக் கதையில் நாங்கள் வென்றோம். வென்ற கதையை எழுதுவதில் வெட்கம் என்ன?

என் அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வெளியே செபமாலை விற்றவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து நான் அம்மாவோடு இருந்து கம்பி வளைத்து மணி கோத்தேன். அறுந்த மாலைகளையும் கொண்டுவந்து தருவார்கள், கட்டிக் கொடுப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கோவிலில் சனம் நெருக்கும்போது, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மணிக்கூட்டுச் சங்கிலி ஒன்றை நீட்டி, இதைக் கட்ட முடியுமா என்று கேட்டார். நான் சங்கிலியை விரலில் ஓட்டிப் பார்த்து, ஒரு கண்ணியைத் தொட்டு, "இது முந்தியும் அறுந்தது" என்றேன். அம்மாவுக்குத்தான் சொன்னேன், அவருக்கு இல்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எப்புடித் தெரியும் புள்ள?"

நான் அம்மாவின் பின்னால் போய்விட்டேன். அம்மாதான், "அவளுக்கு விரல்லதான் வாய்" என்று சமாளித்தார். அப்படித்தான் ஹமீது நானா என்னை வேலைக்குக் கேட்டார்.

பழகிய வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவேன். தூசி தட்டுவேன், மண்ணெண்ணெயில் கழுவுவேன், துடைப்பேன், பார்ப்பேன். ஒன்றைப் பல தடவை துடைத்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். திருகாணியைக் கழற்றினால் அதன் தலைக்கு அடியில் பெயின்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், பூசும்போது அந்த ஆணி அங்கே இல்லை என்று அர்த்தம். தகரத்தை மடித்துப் பூட்டுகிற சின்ன நாக்குகள் இருக்கும். ஒரு தடவை மடித்த நாக்கு வழவழப்பாக இருக்கும். நிமிர்த்தி மறுபடி மடித்ததில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பழைய ஈயப்பற்று மழை மேகத்தின் நிறம். புதியது மீன் வயிறு.

நானாவிடம் பிஸ்கட் டின்களின் மூடிகள் மூன்று இருந்தன. சிவப்பு மூடியில் கூடப்பிறந்த சாமான்கள். நீல மூடியில் பிறகு வந்தவை. மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது, நிறம் உரிந்து வெறும் தகரமாகிவிட்டது. அது 'தெரியாது' மூடி.

"எல்லாம் மொதல்ல இதுலதான் விழணும்" என்பார் நானா. "கண்ணுக்குப் பட்ட ஒடனே செவப்புக்கும் போகக் கூடாது, நீலத்துக்கும் போகக் கூடாது. கொஞ்ச நேரம் தெரியாதுல கெடக்கட்டும். அவசரம் எதுக்கு? கோச்சி ஸ்டேஷன்லதானே நிக்கிது."

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழையாக வைத்தால் பிழை என்று சொல்லமாட்டார். வந்து பக்கத்தில் நின்று, அந்தச் சாமானை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவுவார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் பெரிய மூடியில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் நானே கண்டுபிடித்துவிட வேண்டும். வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், மூடியைப் பார்ப்பார், தேத்தண்ணி சொல்லுவார். தேத்தண்ணி வந்தால் நான் சரி.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இரும்பு. மூடியில் ஏறாத எஞ்சினில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. முதலில் கழற்றி, மூன்று மூடியிலும் பிரித்து, சொந்தக்காரருக்குக் காட்டி, அவர் ஓம் என்ற பிறகுதான் வேலை. அதை மீறிய ஒருவரை நான் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டாராம். நல்ல வேலைக்காரன், சொந்த மச்சான் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தேன். கடை ஒரே அறைதான். முன்னால் மேசை, வாடிக்கையாளர்கள். அந்நியர் முகம் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும் என்று கண்டு நானாவே நடுவில் ஒரு பச்சைச் சீலை கட்டிவிட்டார். மூடிகளை நான் சீலைக்கு அடியால் தள்ளுவேன், அவர் வாங்கிக் காட்டுவார். "உள்ள ஜின் ஒண்டு வச்சிருக்கிறீங்களோ?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஓம், ஞாயிறுக்கு ஞாயிறு பூசைக்குப் போற ஜின்" என்று நானா பதில் சொன்னார்.

கடையில் மூன்றாவது ஆள் யோசேப்பு அண்ணன். கிராண்ட்பாஸ் பக்கத்தவர். ஸ்பிரிங், பல்லுச்சில்லு எல்லாம் அவர் கை. வாய் மூடாது. நான் எவ்வளவு கதைக்கமாட்டேனோ அவ்வளவையும் சேர்த்து அவர் கதைப்பார்.

"றீற்றா, இந்தச் சுவர் மணிக்கூடு கூட அரை மணிக்கு ஒருக்கா வாய் திறக்குது. நீ எப்ப?"

நான் சிரிப்பேன். அதோடு சரி.

அவரோடு நான் ஒரு தடவை பந்தயம் பிடித்தேன். மலைநாட்டுத் தோட்டத்து பங்களா ஒன்றிலிருந்து தகர எஞ்சின் ஒன்று வந்தது. கழற்றினால், கூரைத் தகரத்தின் உட்பக்கத்தில் ரோசாப்பூவும் ஏதோ ஆங்கில எழுத்தும் அச்சடித்திருந்தது. யாரோ பிஸ்கட் டின்னை வெட்டிக் கூரை செய்திருக்கிறான் என்று யோசேப்பு அண்ணன் அடித்துச் சொன்னார். பார்த்தவர் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் நாக்குகளில் வெள்ளைக் கோடு இல்லை. நான் பெரிய மூடியில் போட்டேன்.

"உன்ர தெரியாது மூடி நிரம்பி வழியுது. ஒரு வாளி வாங்கித் தரட்டா? இது டின் தகரம். இல்லையெண்டா ஒரு கிழமைக்கு மாலுபணிஸ் என்ர செலவு." மாலுபணிஸ் என்றால் மீன் வைத்துச் சுட்ட பன்.

கன நாள் கழித்து, வேறு ஊரிலிருந்து, வேறு வீட்டிலிருந்து, அதே செய்கையில் இன்னொரு எஞ்சின் வந்தது. கூரையைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளே ரோசாப்பூ. அதே எழுத்து. இரண்டு கூரையையும் சீலைக்கு அடியால் தள்ளினேன். நானா இரண்டையும் கண்ணை மூடித் தடவினார். தொழிற்சாலைக்காரனே டின் செய்து மிஞ்சிய தகரத்தைத் திருப்பிப் போட்டுக் கூரை அடித்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்த ஒரு சேகரிப்பாளருக்கு நானா படம் அனுப்பிக் கேட்டார். ஓம், அங்கேயும் அப்படி இருக்கிறது என்று பதில் வந்தது. கூரை இரண்டும் சிவப்பு மூடிக்குப் போயின. யோசேப்பு அண்ணன் ஒரு வாரம் முழுக்க மாலுபணிஸ் வாங்கினார். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது, "இந்தா ரோசாப்பூ, தின்" என்றுதான் கொடுத்தார்.

இனி அந்தக் கடற்கரை வீட்டு எஞ்சின்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில், கோச்சிப் பாதைக்கும் கடலுக்கும் முகம் கொடுத்த பழைய வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். யாழ்ப்பாணத்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் கனடாவில். அவரிடம் கறுப்பு எஞ்சின் ஒன்று இருந்தது, சாவி முறுக்குவது. மகன் பிறந்த வருடம் வாங்கியது என்பார். ஒரு நாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு படியேறி வந்திருக்கிறார். சாவி இறுகிவிட்டது, மகன் வரப்போகிறான், அதற்குள் ஓட வேண்டும் என்று.

அன்று நான் கடையில் இல்லை. அந்தோனியார் திருநாள், அம்மாவுக்கு உதவியாகக் கொச்சிக்கடையில் நின்றேன். நானாவும் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். தனியே இருந்த யோசேப்பு அண்ணனிடம் கிழவர் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், இன்றைக்கே வேணும் என்று. அவரும் இரங்கி, மூடியில் ஏற்றாமல், கழற்றி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை இளக்கி, சில்லுகளை மண்ணெண்ணெயில் கழுவி, பூட்டிக் கொடுத்துவிட்டார். கிழவர் அதைக் கடைப் பெட்டி ஒன்றில் போட்டுக்கொண்டு போனார். பெட்டியைத் திறக்க முதலே அவருக்கு நெஞ்சு வலி வந்து முடிந்துவிட்டது.

செத்தவீடு எல்லாம் முடிந்த பிறகு மகன் வந்தார். பெயர் நேசன். நல்ல மனிதன் மாதிரித்தான் குரல் இருந்தது. சீலைக்குப் பின்னால் இருந்து நான் கேட்டேன், பெட்டி மேசையில் வைக்கும் சத்தம், மூடி திறக்கும் சத்தம்.

"நான் ஒருத்தரோடயும் சண்டைக்கு வரேல்லை நானா. ஆனா இதைப் பாருங்கோ. இந்தப் பக்கச் சில்லும் அந்தப் பக்கச் சில்லும் ஒண்டா?"

நானா எஞ்சினைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"இந்த எஞ்சினை நான் பிறந்த நாளில இருந்து பார்த்தனான். போன வருசம் வந்தபோதும் பார்த்தனான். மினுங்கிக்கொண்டு நிண்டது. இப்ப ஒரு பக்கம் முழுக்கக் கழிவுச் சில்லு. உங்கட ஆள் எங்கட சில்லைக் கழட்டி ஆருக்கோ குடுத்திட்டு, இதைப் போட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கண் தெரியாது, அது உங்கட ஆளுக்கு வசதியாப் போச்சு."

"யோசேப்பு" என்று நானா கூப்பிட்டார். "மூடியில ஏத்தினீங்களா?"

"இல்ல நானா." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அப்பிடித்தான் வந்தது. நான் கழுவினது மட்டுந்தான்."

"அதுக்குச் சாட்சி?" என்றார் நேசன்.

நான் கடைக்கு வந்த காலத்திலிருந்து யோசேப்பு அண்ணன் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

நேசன், தான் திரும்பிப் பறக்க முதல் பதில் வேண்டும் என்று சொல்லி எஞ்சினை விட்டுவிட்டுப் போனார். அவர் படி இறங்கிய பிறகு நானா நாற்காலியில் அமர்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "கழுவினதும் வேலைதான் யோசேப்பு. மூடியில ஏத்தாம வேலை செஞ்சா இந்தக் கடையில என்ன நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல களவுன்னு பேரும் வந்தா, நான் எப்புடி வச்சிக்கொள்ள?"

"வச்சிக்கொள்ள வேணாம் நானா. ஆனா கள்ளன் எண்டு படி இறங்கமாட்டன். அதை மட்டும் பார்த்துத் தாங்கோ."

நானா எஞ்சினைக் கொண்டுவந்து, சீலையை விலக்கி, என் மேசையில் வைத்தார்.

"பாருங்க புள்ள" என்றார்.

கவிழ்த்தேன். நேசன் சொன்னது சரி. எஞ்சினின் இடப்பக்கச் சில்லுகளில் நிக்கல் பூச்சு வெள்ளிபோல் இருந்தது. வலப்பக்கத்தில் பூச்சே இல்லை. அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக, கறுத்து, விளிம்பு தின்றுபோய் இருந்தது. இரண்டும் ஒரே எஞ்சினில் பிறந்தவை என்று குழந்தைப் பிள்ளையும் சொல்லாது. எங்கள் கடைக் கணக்கின்படி வலப்பக்கத்தவை நீல மூடிக்குப் போக வேண்டியவை.

யோசேப்பு அண்ணன் சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன நிறம்?" என்று கேட்டார். சிவப்பா நீலமா என்று கேட்கிறார். நான் பெரிய மூடியைத் தட்டிக் காட்டினேன். சத்தத்திலேயே அவருக்குத் தெரியும்.

"வாளி வாங்கட்டா?" என்றார். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

சில்லுகள் இறுக்கி அடித்தவை, கழற்ற நேரம் எடுத்தது. முன் அச்சை வெளியே எடுத்தேன். அச்சு என்றால் வலச்சில்லையும் இடச்சில்லையும் சேர்க்கிற உருக்குக் கம்பி. எண்ணெயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன்.

அச்சின் ஒரு பாதியில் குழி. மறுபாதி வழவழப்பு. நடுவில் கோடு கிழித்த மாதிரி அல்ல, மெல்ல மெல்லக் குறைந்து போயிருந்தது. வலச்சில்லின் பக்கம் துருத் தின்றது, இடச்சில்லின் பக்கம் புதிது போல. நடு அச்சு, பின் அச்சு எல்லாம் அப்படி.

சில்லை மாற்றலாம். அச்சையும் மாற்றலாம். அச்சில் பாதியை மட்டும் யார் மாற்றுவான்?

பிறகு கை தானாக ஓடியது. வலப்பக்கத்துக் கைபிடிக் கம்பி குழி, இடப்பக்கத்தது சுத்தம். வலப்பக்கத்து ஆணித் தலைகள் கறுப்பு, இடப்பக்கத்தவை மினுக்கம். சில்லுகளைச் சேர்க்கும் கம்பிகளும் அப்படியே. எஞ்சின் முழுவதையும் நடுவால் வகிர்ந்து ஒரு பாதியை மட்டும் ஏதோ ஒன்று தின்றிருக்கிறது.

அது என்ன என்று எனக்கு அம்மாவின் கடையில் தெரியும். செபமாலைகளை நாங்கள் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவோம். துறைமுகத்துப் பக்கம் பார்த்துத் தொங்குகிறவை சீக்கிரம் கறுக்கும், கோவில் சுவர்ப் பக்கம் தொங்குகிறவை கறுக்காது. அதனால் அம்மா நெடுகவும் கம்பியைத் திருப்பிப் போடுவார். "கடல் நக்கிப்போட்டுது, திருப்படி" என்பார். கிழவரின் எஞ்சினைத் திருப்பிவிட ஆள் இருக்கவில்லை.

ஆனால் அது என் நினைப்பு. எஞ்சின் வீட்டில் எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று தெரியாமல் சொல்ல முடியாது. அதை ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் நேசன் வந்தார். நானா கதிரை போட்டார். யோசேப்பு அண்ணன் தன் சாமான் பெட்டியைக் கட்டி வாசலருகில் வைத்திருந்தார். நான் சீலைக்குப் பின்னால் எழுந்து நின்றேன், இருந்தேன், மறுபடி எழுந்தேன். பிறகு சீலையைப் பிடித்து இழுத்துவிட்டு வெளியே வந்தேன். மூன்று பேரும் பார்த்தார்கள். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, இது வீட்டில எங்க நிண்டது?"

நேசனுக்கு நான் யார் என்று விளங்கவில்லை. நானா, "நம்மட றீற்றா. நீங்க சொன்ன சில்ல பாத்தது இவதான்" என்றார்.

"ஹோல் ஜன்னல் திண்டில. ஒரு துண்டுத் தண்டவாளத்தில."

"எந்தப் பக்கம் பார்த்து?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "கல்கிசைப் பக்கம். எங்கட வீட்டுக்கு முன்னால போற கோச்சி மாதிரியே."

நான் கையால் கணக்குப் பார்த்தேன். கல்கிசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் கடல்.

"நீங்கள் அதை ஹோலுக்குள்ள இருந்துதானே பார்த்தனீங்கள்?"

"ஓம். தொட விடமாட்டார். தள்ளி நிண்டுதான் பார்க்கலாம்."

"அப்ப மற்றப் பக்கத்தை எப்ப பார்த்தனீங்கள்?"

அவர் குனிந்து எஞ்சினின் வலப்பக்கத்தைப் பார்த்தார்.

நான் முன் அச்சை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பாதி குழி, பாதி மினுக்கம். அவர் விரலால் தடவினார், திரும்பவும் தடவினார். நானா எழுந்து தொப்பியைப் போட்டார். "வாங்க, வீட்டப் போய்ப் பாப்போம். யோசேப்பு, நீங்களும் வாங்க. பெட்டிய வச்சிட்டு வாங்க."

ஒழுங்கையால் நான்கு பேரும் இறங்கி நடந்தோம். கீழே தேத்தண்ணிக் கடை முதலாளி, "மொகத அய்யே, கடேம வஹலாத?" என்று கேட்டார், முழுக் கடையும் பூட்டிவிட்டதா என்று. நான் ஆண்களோடு சேர்ந்து தெருவில் நடப்பதை அவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டு ஹோலில் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே கோச்சிப் பாதை, அதற்கப்பால் கல்லு, கடல். ஜன்னல் கம்பிகள் கடல் பக்கம் பெயின்ட் உரிந்து சொரசொரவென்று இருந்தன. உள் பக்கம் நல்ல வெள்ளை. ஜன்னல் திண்டில், கிழவர் வைத்த இடத்தில், அந்தத் துண்டுத் தண்டவாளம் அப்படியே இருந்தது. எஞ்சினை மட்டுந்தான் அவர் கடைக்குக் கொண்டுவந்தவர். தண்டவாளத்தை ஒருவரும் தொடவில்லை.

நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு தண்டவாளக் கம்பிகள். ஹோல் பக்கத்துக் கம்பி மினுங்கியது. கடல் பக்கத்துக் கம்பி கறுத்து, குழி குழியாக, அரித்துப் போயிருந்தது.

எனக்குள் இவ்வளவு காலமும் எங்கே இருந்ததோ தெரியாது, அந்தக் குரல் வந்தது. சத்தமாகவே வந்தது.

"அப்ப இந்தத் தண்டவாளத்தையும் யோசேப்பு அண்ணன்தான் வந்து மாத்தினவரோ?"

முதலில் சிரித்தது நானா. அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். யோசேப்பு அண்ணன் சிரிக்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். நேசன் தண்டவாளத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டார். ஒரு கம்பியைத் தொட்டார், மற்றதைத் தொட்டார்.

"அப்ப ஒண்டும் மாறேல்லையா?" என்று என்னைக் கேட்டார். "ஒண்டுமே?"

"ஒரு ஆணி கூட மாறேல்லை ஐயா. எல்லாம் கூடப்பிறந்தது. அப்பா வாங்கின அதே எஞ்சின்."

அந்த மனிதருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். களவு போனது என்று நினைத்தது திரும்பிக் கிடைத்தால் எப்படியோ அப்படி. எழுந்து யோசேப்பு அண்ணனிடம் போய் இரண்டு கையையும் பிடித்தார்.

"அண்ணை, நான் பெரிய சொல் சொல்லிப்போட்டன். கடையில எல்லாருக்கும் முன்னால சொன்னனான். கடையில வந்தே மன்னிப்புக் கேக்கிறன்."

"இங்கயே போதும் தம்பி" என்றார் யோசேப்பு அண்ணன். பிறகு அவர் பழைய யோசேப்பு அண்ணனாகிவிட்டார். "ஆனா கடையில கேட்டா நல்லா இருக்கும். கீழ தேத்தண்ணிக் கடை வரைக்கும் கேக்கிற மாதிரி."

கேட்டார். அப்படியே கேட்டார்.

அதன் பிறகு எஞ்சினை முறைப்படி மூடியில் ஏற்றினோம். பெரிய மூடியில் கிடந்த சாமான்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்பு மூடிக்கு மாற்றினேன். சில்லுகள், அச்சுகள், கம்பிகள், ஆணிகள். நானா பக்கத்தில் நின்றார், கண்ணை மூடவில்லை. கடைசி ஆணியும் போனதும் நீல மூடியும் பெரிய மூடியும் வெறுமையாகக் கிடந்தன. நான் கண்டதில் அப்படி ஒரு எஞ்சின் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நானா படியால் எட்டி, தேத்தண்ணி சொன்னார். எல்லாருக்கும் சொன்னார்.

சில்லுகளுக்குப் புதுப் பூச்சுப் போட்டுத் தரட்டுமா என்று யோசேப்பு அண்ணன் கேட்டதற்கு, நேசன் வேண்டாம் என்றார். "ரெண்டு பக்கமும் எனக்கு வேணும்" என்றார். அந்த அரித்த தண்டவாளத்தையும் சேர்த்துக் கனடாவுக்குக் கொண்டுபோனார். போவதற்கு முன்னால் எங்கள் மேசையிலேயே வளையமாகத் தண்டவாளம் போட்டு, யோசேப்பு அண்ணன் சாவி முறுக்கி விட்டார். அரித்த சில்லும் நல்ல சில்லும் ஒன்றாக உருண்டன. ஒரு தட்டல் இல்லை.

விதியை மீறினதற்கு நானா யோசேப்பு அண்ணனுக்குத் தண்டனையும் கொடுத்தார். ஒரு மாதம் அவர் என் மேசையில் இருந்து மூடி பார்க்க வேண்டும், வாய் திறக்காமல். இரண்டாம் நாளே நானா அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். அமைதி அவருக்கே பொறுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தபோது நடுவில் பச்சைச் சீலை இல்லை. வெறும் கம்பி மட்டும் இருந்தது. நான் அன்று இழுத்த இழுப்பில் பாதி வளையம் அறுந்துபோனது உண்மைதான்.

"நானா, சீலை எங்க?"

"கழுவப் போட்டேன் புள்ள. காயல்ல."

வெளியே நல்ல வெயில். என் மேசையில் போய் இருந்தேன். முதல் வாடிக்கையாளர் வந்தார், ஒரு சிங்கள அம்மா, கையில் சின்னப் பச்சை எஞ்சின். என் முகத்தை நேரே பார்த்து, இது பழையதா என்று கேட்டார். என் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். எஞ்சினை வாங்கிக் கவிழ்த்தேன்.

அந்தச் சீலை இன்றுவரை காயவில்லை. யோசேப்பு அண்ணன் அதைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டார். அந்தத் துணியால் எத்தனையோ எஞ்சின்களின் வயிற்றை நானே துடைத்திருக்கிறேன்.